வழுக்கி விழுந்தவளின் சிரிப்பு

நீங்கள் ஒரு வாரம் காத்திருந்தீர்கள். ஜெரலினுக்கு அது ஒரே ராத்திரி. போன அத்தியாயத்தின் கடைசியில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனவள், சனிக்கிழமை காலையில் திறந்துகொண்டு வந்தபோது முகம் வீங்கியிருந்தது. அழுதாயா என்று கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஹீட்டர் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பாள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மில்வாக்கியில் எல்லாரையும் போல அவர்களும் மீன் வறுவல் சாப்பிடப் போனார்கள். தட்டு வந்ததும் மகள் கெல்சி விஷயத்தை உடைத்தாள். பள்ளிக்கூட வேலையை விடப்போகிறாளாம். கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருக்கும் ரோக்ஸி சித்தியோடு, சித்தி என்றைக்கோ நடித்த அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகப்போகிறாளாம். அதற்கப்புறம் சித்தி வீட்டிலேயே தங்கிவிடுவாளாம்.

"நாளைக்கு மேட்னிக்கு வா. ஒரே ஒரு தடவை அந்தப் படத்தைப் பாரு. பார்த்துட்டும் போகாதேன்னு நீ சொன்னா, நான் போகல" என்றாள் கெல்சி. ஜெரலின் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

எல்லாரிடமும் "பார்த்தேன், சுமார்தான்" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிற ஜெரலின், அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அது அவள் கணவர் நார்புக்கும் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

பார்ப்பாளா? அந்த வேஷத்துக்கு ஆசைப்பட்டு நடிகர் தேர்வுக்குப் போனவள் அவள். வசனத்தைக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தவள் அவள். துணைக்குக் கூட வந்த தங்கச்சி, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருந்தாள். சிகாகோவிலிருந்து வந்திருந்த இயக்குநர் எட்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். அவ்வளவுதான். படம் வந்த சுவடே தெரியாமல் தியேட்டரை விட்டு ஓடிப்போனபோது, ஜெரலின் மாதா கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். எதற்கு என்று பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் படம் எழுந்து உட்கார்ந்திருக்கிறது, ஊர் ஊராகக் கொண்டாடுகிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

*

சமையலறையில் நார்ப் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். மேசையில் ரோக்ஸி, காலை மடித்துப் போட்டு, அக்காவின் நீல மேலங்கியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டியும் அவளால் காலை மடித்து உட்கார முடிகிறது. ஜெரலின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

"உன் அங்கியை எடுத்துப் போட்டுக்கிட்டேன்க்கா. குளிர் தாங்கல."

"போட்டுக்கோ. எல்லாத்தையும்தான் எடுத்துக்கறே."

நார்ப் கரண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த வீட்டில் பிழைக்கத் தெரிந்த மனிதர்.

"முட்டையை ரெண்டு பக்கமும் வேக வெச்சுக் குடுன்னு நான் கேட்டா உனக்குத் தோள்பட்டை வலிக்கும். இன்னிக்கு வலிக்கலையா, நார்ப்?"

"விருந்தாளி வந்திருக்காம்மா."

"நான் யாரு? மாடியில வாடகைக்கு இருக்கறவளா?"

ரோக்ஸி சிரித்தாள். சத்தம் வராத, பல் மட்டும் தெரிகிற சிரிப்பு. பிறகு காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள்.

"அக்கா, இன்னிக்கு நீ வரணும்னு கட்டாயம் இல்ல."

"ஏன்?"

"பனி கொட்டுது. உனக்கு முட்டிவலி வேற. ஒரே கூச்சலும் கும்மாளமுமா இருக்கும். கெல்சிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"என் பொண்ணுகிட்ட எனக்குப் பதிலா நீ சொல்லுவே."

"அப்படிச் சொல்லல."

"பின்ன எப்படிச் சொன்னே?"

ரோக்ஸி கோப்பையைத் தள்ளிவைத்தாள். கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. சின்ன வயசிலிருந்து அந்த நரம்பை ஜெரலினுக்குத் தெரியும். பொய் சொல்லும்போது துடிக்கும், பயப்படும்போதும் துடிக்கும்.

இவளுக்கு நான் வரக்கூடாது என்று இருக்கிறது. ஏன்?

வா வா என்று கூப்பிட்டிருந்தால் ஜெரலின் முட்டிவலி என்று படுத்திருப்பாள். வராதே என்ற ஜாடை தெரிந்ததும், குளிக்கப் போனாள்.

*

ரோக்ஸியை அழைத்துப்போக தியேட்டர்காரர்கள் காரோடு வந்தார்கள். அதற்கே ஜெரலினுக்கு ஒரு பொருமல். ஜெரலினைக் கெல்சி கூட்டிக்கொண்டு போனாள். கோட்டுக்குள்ளே கெல்சி போட்டிருந்த பனியனில், பெரிய கண்ணும் கலைந்த முடியுமாக, இருபத்திரண்டு வயசு ரோக்ஸி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் படம் போட்டு ஒரு பனியன் இருக்கா உன்கிட்ட?"

"நீ படத்துல நடிச்சியாம்மா?"

கெல்சி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஜெரலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பனி அள்ளும் வண்டி ஒன்று எதிரே போயிற்று.

"சரி, சொல்லு. அப்படி என்னடி இருக்கு அதுல? திருட வந்த நாலு முட்டாளுங்க கதைதானே."

"அதான்மா விஷயமே." கெல்சிக்கு இந்தக் கேள்வி போதும், சாப்பாடு வேண்டாம். "மத்த திருட்டுப் படத்துல எல்லாம் திருடனுங்க மகா புத்திசாலி. கோட்டு சூட்டு, மேப்பு, கடிகாரம். பார்த்துட்டு வெளிய வந்தா நாம எதுக்குமே லாயக்கில்லன்னு தோணும். இதுல பாரு, நாலு பேருக்கும் வேலை போயிடுச்சு. பவுலிங் அரங்கத்துப் பெட்டகத்தை உடைக்கப் போறாங்க. சொந்த ஷூல போனா தடம் மாட்டிக்கும்னு, அங்கயே வாடகை ஷூ எடுத்து மாட்டிக்கறாங்க. இருட்டுல எல்லாரும் இடது கால் ஷூவா எடுத்துட்டாங்க. ரெண்டு காலுக்கும் இடது. அதோட படம் பூராவும் ஓடறாங்க. நம்ம தெரு ஆளுங்க திருடினா இப்படித்தானே திருடுவாங்க?"

"நம்ம தெருவுல யாரும் திருட மாட்டாங்க."

"அம்மா."

"சரி, மேல சொல்லு."

"மேல நான் சொல்ல மாட்டேன். அந்தச் சிரிப்பு வரும். நீயே பாரு."

"எந்தச் சிரிப்பு?"

"நீ பார்த்திருக்கேல்ல?"

ஜெரலின் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஞாபகமில்ல. எத்தனை வருஷம் ஆச்சு."

சிக்னலில் கார் நின்றது. கெல்சியின் குரல் இறங்கிப்போயிற்று.

"ட்ரெவர் என்னை விட்டுட்டுப் போனப்போ நம்ம வீட்டு பேஸ்மென்ட்ல வந்து கிடந்தேன் பாரு. பழைய வீடியோ டேப் ஒண்ணு இருந்துச்சு. தினம் அந்த ஒரு சீனைத்தான் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். திருடினதும் வீணாப் போயி, கூட வந்தவங்களும் விட்டுட்டு ஓடி, விழுந்து கிடக்கறா சித்தி. எல்லாம் போச்சு. அப்பப் போயி சிரிக்கிறா. சும்மா இல்ல, வயிறு குலுங்க, யாரு கேட்டா எனக்கென்னன்னு. அதைக் கேக்கும்போது, இப்படி ஒருத்தியால சிரிக்க முடியும்னா நானும் எழுந்துடலாம்னு தோணும். எழுந்தேன்மா. அந்தச் சிரிப்புதான் என்னை எழுப்புச்சு."

மருமகன் விட்டுப்போன அந்த நாட்கள் ஜெரலினுக்கு நன்றாக நினைவிருந்தன. கீழே டேப் ஓடத் தொடங்கியதும் மேலே அவள் வாக்வம் கிளீனரைப் போடுவாள். வீடு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. மகளுக்கு சூப் வைத்துக் கொடுத்தவள், துணி துவைத்தவள், வக்கீலோடு சண்டை போட்டவள் அவள். எழுப்பியது தங்கச்சியின் சிரிப்பாம்.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச, ஊரார் தேவையில்லை. பெற்றது போதும்.

*

மொனார்க் தியேட்டர் வாசலில் பெரிய மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் இடது கால் ஷூவைக் கழற்றி அதில் போட வேண்டும். வேறு யாருடையதோ ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு படம் பார்க்க வேண்டும். முடிந்ததும் கூட்டத்தில் தேடி, ஆளைக் கண்டுபிடித்து, கைகுலுக்கி மாற்றிக்கொள்ள வேண்டும். யார் தொடங்கிவைத்தார்களோ, இந்தப் படம் எங்கே போட்டாலும் இப்போது இதுதான் வழக்கம். இப்படி ஷூ மாற்றிக்கொண்டதில் இரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது என்றாள் கெல்சி.

"எனக்கு வேணாம். எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள் ஜெரலின்.

"கழட்டும்மா. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

கம்பளி வைத்துத் தைத்த அவளுடைய பனிக்கால பூட் பெட்டிக்குள் போயிற்று. போன வேகத்தில் ஒரு தாடிக்கார இளைஞன் அதைத் தூக்கிக்கொண்டு, "ஆஹா, சூடா இருக்கு" என்றபடி மறைந்தான். ஜெரலினுக்குக் கிடைத்தது தங்க நிறத்தில் மினுமினுக்கும் ஒரு நடனச் செருப்பு. ஒரு கால் பூமியிலும் ஒரு கால் மேடையிலுமாக அவள் நொண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அரங்கு நிறைந்திருந்தது. வயசுப் பிள்ளைகள், பவுலிங் குழுச் சட்டை போட்ட தாத்தாக்கள், கைக்குழந்தையோடு தம்பதிகள். முன்வரிசையில் கெல்சி அவளை உட்காரவைத்துவிட்டு மேடைப் பக்கம் ஓடினாள். படம் முடிந்ததும் சித்தியை மேடையேற்றிப் பேட்டி எடுப்பது அவள்தான். ஓரமாக ரோக்ஸி நின்றுகொண்டிருந்தாள். யாரோ அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். யாரோ அவளைக் கட்டிக்கொண்டார்கள். ரோக்ஸியின் பார்வை மட்டும் தலைகளுக்கு மேலாக அலைந்து, முன்வரிசையில் அக்காவைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றது.

விளக்கு அணைந்தது.

படம் நன்றாக இருக்கக்கூடாது என்று ஜெரலின் மனதார வேண்டிக்கொண்டாள். இந்த வயசில் இப்படி ஒரு வேண்டுதலா என்று கேட்காதீர்கள். பொறாமைக்கு வயசாவதில்லை.

படம் நன்றாக இருந்தது. அதைவிடக் கொடுமை, ரோக்ஸி நன்றாக இருந்தாள். மிட்ஜ் என்ற அந்தப் பாத்திரம் பெட்டகத்தின் முன்னால் உட்கார்ந்து, பூட்டின் எண்களைத் திருப்புவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டபோது அரங்கம் குலுங்கியது. அந்தக் கைத் தேய்ப்பு வசனத்தாளில் இல்லை. மனப்பாடம் செய்தவளுக்குத் தெரியாதா? அது ரோக்ஸியே செய்தது. நானாக இருந்தால் வசனத்தைப் பிசகாமல் சொல்லியிருப்பேன், ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று ஜெரலினுக்குப் பட்டது. அந்த இயக்குநர் கண்ணில்லாதவர் அல்ல. இத்தனை வருஷம் அவரைத் திட்டிய திட்டெல்லாம் வீண்.

ஒரு இடத்தில் அவளுக்கே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வழக்கம்போல உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்படித்தான் சிரிப்பாள். கெல்சி பிறந்ததிலிருந்து பார்த்தது அந்தப் பொத்தின வாயைத்தான்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. கூட்டம் முன்கூட்டியே அமைதியானது.

திரையில் அந்தப் பழைய பவுலிங் அரங்கம். படப்பிடிப்பு நடந்தபோது ஜெரலின் அங்கேதான் வேலை பார்த்தாள், ஆட வருகிறவர்களுக்கு வாடகை ஷூ கொடுக்கும் கவுன்டரில். வேஷம் கிடைக்காதவள், வேஷம் கிடைத்தவளுக்கு ஷூ எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்கத் தினமும்.

இந்தக் காட்சியை எடுத்த அன்றைக்கு, ராத்திரி லீக் ஆட்டம் இருந்ததால் பந்து உருட்டும் பாதைகளுக்கு எண்ணெய் பூசி வைத்திருந்தார்கள். பாதை தொடங்கும் இடத்தில் போட்ட கோட்டைத் தாண்டிக் காலை வைத்தால் என்ன ஆகும் என்று மில்வாக்கியில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். சிகாகோக்காரர்களுக்குத் தெரியாது. கோட்டைத் தாண்டி ஓடு என்றார்கள். ரோக்ஸிக்குத் தெரியும்தான், ஆனால் முடியாது என்று சொன்னால் வேஷத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். எண்ணெய் பூசியிருக்கிறது என்று சொல்ல ஜெரலின் கவுன்டருக்குப் பின்னால் நின்று வாயைத் திறந்தாள்.

பிறகு மூடிக்கொண்டாள்.

திரையில் ரோக்ஸி பையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு கால்களும் ஆகாசத்தில் போய், இடுப்பு தரையில் மோதியது. பை வெடித்துச் சிதறியது. உள்ளே பணம் இல்லை. இறைச்சியைப் பரிசாக வைத்து மாதா கோவில் நடத்தும் குலுக்கலுக்கு அச்சடித்த சீட்டுகள். அரங்கத்தில் எல்லாரும் கைநிறையக் கொண்டுவந்திருந்த சீட்டுகளை வாரி மேலே எறிந்தார்கள். திரையில், காமிராவுக்கு முதுகைக் காட்டி, மிட்ஜ் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கத் தொடங்கின.

அந்தச் சிரிப்பு எழுந்தது.

கட்டுக்கடங்காமல், மூச்சு வாங்கி, நடுவில் ஒரு விக்கலோடு, மறுபடியும் மேலே ஏறுகிற சிரிப்பு. அரங்கமே சேர்ந்து சிரித்தது. குழந்தை ஒன்று கைதட்டியது. ஜெரலின் மட்டும் சிரிக்கவில்லை.

அது அவளுடைய சிரிப்பு.

இருபத்தைந்து வயசு ஜெரலின், கவுன்டருக்குப் பின்னால் நின்று சிரித்தது. தங்கச்சி விழுந்தாள் என்று சிரித்தது. நல்லா வேணும் என்று சிரித்தது. இயக்குநர் திரும்பிப் பார்த்து, "காட்சியையே கெடுத்துட்டியேம்மா" என்று கத்தியது நினைவிருக்கிறது. அந்தச் சத்தத்தைத் தூக்கி எறிந்திருப்பார் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். எறியவில்லை.

குலுங்கின தோள்? அன்றைக்கு ரோக்ஸி சிரிக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். அது ஜெரலினுக்குத் தெரியும். கவுன்டரிலிருந்து பார்த்தால் அவள் முகம் தெரியும். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் ஜெரலின் கையால் வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை.

தங்கச்சியின் அழுகையையும் அக்காவின் வயிற்றெரிச்சலையும் ஒட்டவைத்து, யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சந்தோஷத்தைச் செய்திருக்கிறான். அதைக் கேட்டுத்தான் அவள் மகள் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறாள்.

மேடை ஓரத்தில் நின்று கெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. அவள் கையிலேயே பிறந்து வளர்ந்த மகளுக்கு, அம்மாவின் சிரிப்பு அடையாளம் தெரியவில்லை.

இதுவரை தங்கச்சி மேல்தான் ஜெரலினுக்குப் பொறாமை. இப்போது அந்தக் கவுன்டர் பெண்ணின் மேலேயே வந்துவிட்டது. கெட்ட எண்ணம்தான், ஆனால் என்ன சிரிப்பு.

*

போய்விட வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே எழுந்துவிட்டாள். நடைவழியில் நாலடி வைத்ததும் தங்கச் செருப்பு காலை வாரியது. வெளியே முழங்காலளவு பனி. அவளுடைய பூட், தாடி வைத்த எவனோ ஒருவன் காலில், இந்த முந்நூறு பேருக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.

"எங்கம்மா கிளம்பிட்டே?" கெல்சி மைக்கில் கேட்டாள். "உட்காரு. அடுத்தது சித்தி."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெரலின் உட்கார்ந்தாள்.

மேடையில் இரண்டு நாற்காலி. ரோக்ஸி நேராக உட்கார்ந்திருந்தாள். படம் எடுத்த கதை, இயக்குநர் இறந்துபோன கதை, படம் தோற்றபோது கலிஃபோர்னியாவில் பல் டாக்டர் கிளினிக்கில் வேலைக்குப் போன கதை எல்லாம் சொன்னாள். கூட்டம் உச் கொட்டியது, சிரித்தது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், ஒரே ஒரு தடவை, எங்களுக்காக அந்தச் சிரிப்பைச் சிரிச்சுக் காட்டுவீங்களா?"

கைதட்டல் எழுந்தது. பவுலிங் சட்டைத் தாத்தாக்கள் காலால் தரையைத் தட்டினார்கள்.

"சித்தி இதுக்கு ஒத்துக்கவே மாட்டாங்க. எந்த ஊர்ல கேட்டாலும் தொண்டை சரியில்லம்பாங்க" என்றாள் கெல்சி, பெருமையாக.

ரோக்ஸி தண்ணீர் குடித்தாள். கழுத்தில் அந்த நரம்பு துடிக்கவில்லை. காலையில் துடித்த நரம்பு, இப்போது அசையாமல் இருந்தது. ஜெரலின் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றாள் ரோக்ஸி. "என்னால முடியாது. அது என் சிரிப்பு இல்ல."

தரையைத் தட்டிய கால்கள் நின்றன.

"கவனிச்சுப் பார்த்தீங்கன்னா அந்த ஷாட்ல என் முகமே கிடையாது. நீங்க எல்லாரும் ஆசைப்பட்டு வர்றது என் முகத்துக்கு இல்ல, அந்தக் குரலுக்கு. இது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். ஒவ்வொரு ஊர்லயும் கைதட்டல் வாங்கிட்டு ரூமுக்குப் போய் நினைச்சுப்பேன், அடிப்பாவி, அங்க இருந்துக்கிட்டே ஜெயிச்சுட்டாளேன்னு. அது எங்க அக்காவோட சிரிப்பு. முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க. கெல்சியோட அம்மா."

ஒரு விநாடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. முந்நூறு பேர், பொருந்தாத ஷூக்களோடு, ஜெரலினைப் பார்த்துக் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். தாடிக்கார இளைஞன் அவளுடைய பூட்டோடு நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தான். இந்தக் கைதட்டலுக்குத்தான் அவள் கண்ணாடி முன்னால் வசனம் பேசிப் பார்த்தாள். இதற்காகத்தான் அத்தனை வருஷம் ஏங்கினாள். அது இப்போது வந்துவிட்டது, அவளுக்கு எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

கெல்சி மேடையை விட்டு இறங்கி ஓடிவந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். அம்மாவை அவள் இத்தனை ஆசையோடு பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று.

"நீயாம்மா? நீயா? ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?" மைக்கை அம்மாவின் வாயருகே நீட்டினாள். "சொல்லும்மா. அப்படி எதுக்கும்மா சிரிச்சே?"

ஜெரலின் நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். ரோக்ஸி கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, கருணையும் இல்லை. கைதட்டலை அக்காவுக்குக் கொடுத்தாயிற்று. கேள்வியும் அதோடு சேர்ந்துதான் வரும் என்று அவளுக்குத் தெரியாமலா கொடுத்திருப்பாள்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அக்கா தங்கைக்குக் கேட்கவா வேண்டும்.

ஏதாவது பொய் சொல்லலாம். ஜோக் நன்றாக இருந்தது என்று சொல்லலாம். மகள் கட்டிக்கொள்வாள், எங்கேயும் போக மாட்டாள்.

"அவ விழுந்தா" என்றாள் ஜெரலின். "அதான் சிரிச்சேன்."

அரங்கம் அதிர்ந்தது. இத்தனை நேரத்தில் இதுதான் பெரிய சிரிப்பு. தொடையைத் தட்டினார்கள். நாற்காலியில் சரிந்தார்கள். அடுத்த கோமாளி கிடைத்துவிட்டாள் அவர்களுக்கு. மிச்சமிருந்த குலுக்கல் சீட்டுகளையும் வாரி எறிந்தார்கள்.

கெல்சியும் சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். அந்தக் காட்சியை ஆயிரம் தடவை போட்டுப் பார்த்தவள் அவள். அந்த முதுகு மனப்பாடம், அந்தத் தோள் மனப்பாடம். எதற்காக அந்தத் தோள்கள் குலுங்கின என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மைக் சுவிட்சை அணைத்தாள். அம்மாவைத் தாண்டி மேடையருகே போய், ரோக்ஸியின் முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப அடிபட்டுச்சா சித்தி?"

கூட்டத்தின் கூச்சலில் அது மூன்று பேருக்குத்தான் கேட்டது. ரோக்ஸி கெல்சியைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அக்காவை விட்டு நகரவே இல்லை.

"விழுந்ததுலயா?" என்று கேட்டாள்.